கழற்றாத கையுறை

நாட்டின் பாதுகாப்பை நான் சுமார் மூன்று வருடம் புதுச்சத்திரத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டேன். வாரத்தில் நான்கு நாள், காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை. மதியத்துக்குத் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் கையோடு கொண்டுபோய்விடுவேன். சேலத்திலிருந்து நாமக்கல் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் கிடைத்தால் ஜெபமாலை, கிடைக்காவிட்டால் கண்டக்டரோடு சண்டை.

முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இனி யாருடைய தப்பையும் திருத்துவதில்லை என்று பூசையில் மனதுக்குள் வேண்டிக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, எங்கள் பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குத் தெரிந்த எம்.பி. ஒருவரை நாடாளுமன்றத்தில் பாதுகாப்புக்கான நிலைக்குழுவில் போட்டுவிட்டார்களாம். தில்லியிலிருந்து தலையணை தலையணையாக ஆங்கில அறிக்கைகள் வருகின்றனவாம். படித்துத் தமிழில் சொல்ல நம்பிக்கையான ஆள் வேண்டுமாம்.

"எனக்கும் பீரங்கிக்கும் என்ன சாமி சம்பந்தம்?" என்றேன்.

"பிள்ளைகளை நீங்க அதட்டுறதை நான் கேட்டிருக்கேம்மா," என்றார். அதை இன்றுவரை பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எம்.பி.க்குத் தொழில் லாரிக்குக் கூண்டு கட்டுவது. வெறும் இன்ஜினும் சட்டமுமாக வரும் வண்டிக்கு ஓட்டுநர் அறை, பின்பக்கத் தொட்டி எல்லாம் கட்டிக் கொடுக்கும் பட்டறை. அலுவலகம் பட்டறையின் முன்பக்க அறைதான். உள்ளே தேசப் பாதுகாப்பு, வெளியே வெல்டிங். முக்கியமான பத்தி எதையாவது நான் படிக்கத் தொடங்கும்போதுதான் எவனாவது தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பான்.

பட்டறையில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த வண்டியை உரிமையாளரிடம் உடனே ஒப்படைக்க மாட்டார். அதை ஓட்டப்போகிற ஓட்டுநரையே வரவழைத்து, சீட்டில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். கண்ணை மூடியபடியே அவர் ஹாரன், விளக்கு, வைப்பர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தொட வேண்டும். ஏதாவது ஒன்றுக்குக் கை தடுமாறினால் அதைப் பிரித்து வேறு இடத்தில் மாட்டுவார்கள். உரிமையாளர் எவ்வளவு கத்தினாலும் எம்.பி. மசிய மாட்டார். "வாங்கறது நீங்க. உக்காரப்போறது அவருங்க," என்பார்.

குழுவில் சேர்ந்த புதிதில் சபையில் ஒரு கேள்வி போட்டார். படை வண்டிகளுக்கு என்னென்ன டயர் போடுகிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று. தேசப் பாதுகாப்பை முன்னிட்டு விவரங்களை வெளியிட இயலாது என்று பதில் வந்தது. நான் படித்துச் சொன்னதும் அவருக்குக் கோபம் வரவில்லை. வாய் பிளந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், டயருமா ரகசியம்? நம்மூருல அது டீக்கடைல பேசறதாச்சே?"

அன்றிலிருந்து ரகசியத்தின் மேல் அவருக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. குழுக் கூட்டத்தில் பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. தன் வீட்டு விருந்துக்கு என்ன காய் என்பதைக்கூட ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டச் சொல்கிற மனிதர், அந்த விதியை மட்டும் கோயில் விரதம்போல் காத்தார்.

அலுவலகத்தில் எங்களோடு இன்னொருவரும் உண்டு. நாற்பது வயதுக்கு மேலே, முன்பு கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். மனு கொடுக்க யார் வந்தாலும் அவர் படம் எடுத்துத் தொகுதி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாக வேண்டும். எம்.பி. ஆபீசில் வேலை நடக்கிறது என்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் சாட்சி. கல்யாணப் பழக்கம் அவரை விடவில்லை. ரேஷன் கார்டு தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தவரிடம்கூட, "மனுவைக் கொஞ்சம் மேல தூக்குங்க, சார் பக்கம் சாஞ்சு நில்லுங்க, லேசா சிரிங்க," என்பார். படத்துக்குக் கீழே போடுகிற வாசகம் மட்டும் எப்போதும் ஒன்றுதான். 'மனு அளித்தபோது.' அது எனக்கு எரிச்சலாக இருந்தது. முப்பது வருடம் கட்டுரை திருத்தியவளுக்கு இருக்காதா? அதனால் வாசகம் எழுதும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊர் அம்மா ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. கணவர் இல்லை, ஒரே மகன். அவன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான், எங்கேயோ பனிமலையில். பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் சேர்ந்து ஒரு சின்னத் தலையணை அளவு இருந்தன. போன விடுப்பில் மகன் விட்டுப்போன பழைய ஜோடியாம்.

"என்ற பையனுக்கு ரெண்டு வெரலு நுனி கறுத்துப் போச்சுங்க," என்றார். "இன்னொருக்கா அப்பிடி ஆச்சுன்னா வெட்டி எடுத்துப்போடோணும்னு டாக்டரு சொல்லிட்டாராம். இந்தக் கையுறைல என்னமோ தொந்தரவுங்க. என்னன்னு அவன் சொல்ல மாட்டேங்கறான். நீங்க பெரிய சபைல இருக்கறீங்க, கேட்டுப் பாருங்க சாமி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவன் சொன்னதா யாருக்கும் தெரியக் கூடாதுங்க. மேலிடத்துக்குத் தெரியாம வெளிய சொன்னான்னு அவனுக்குக் கேடு வந்துருமுங்க."

எம்.பி. எழுந்து நின்று, "என்ற வாயிலருந்து வராதுங்க," என்றார்.

அவர் வாயிலிருந்து வரவில்லை. என் கையிலிருந்து வந்தது.

எப்படி நடந்தது என்பதை எவ்வளவு யோசித்தாலும் என்னை நியாயப்படுத்த ஒரு வழியும் தென்படவில்லை. அந்த அம்மா கிளம்பும்போது படமெடுக்கும் நம்மவர் வழக்கப்படி, "கையுறையைக் கொஞ்சம் மேல தூக்குங்க," என்றார். அவரும் தூக்கினார். படம் எடுத்தாயிற்று. 'மனு அளித்தபோது' என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினார். இவ்வளவு பெரிய துயரத்துக்கு இரண்டே வார்த்தையா என்று ஆத்திரம் வந்தது. பேனாவை வாங்கி எழுதினேன்: 'பனிமலையில் விறைக்கும் மகனின் விரல்கள்: கையுறையோடு வந்த தாயின் கண்ணீர்.' எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நம்மவர் தன் பங்குக்கு மகன் பெயரையும் ஊரையும் சேர்த்துக்கொண்டார்.

மாலை நாலரை மணிப் பேருந்து மல்லூரைத் தாண்டும்போது அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் என் தங்கை எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கீழே, "பாவம்க்கா இந்தம்மா. யாரு எழுதினாங்களோ, படிச்சவுடனே அழுகை வந்துருச்சு," என்று எழுதியிருந்தாள்.

அதே படம், நான் எழுதிய அதே வாசகம், மகன் பெயரோடும் ஊரோடும். அப்போதும் ஒரு நொடி, தங்கை அழுததில் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைப் பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், பாவங்களைச் சொல்லும்போது, தனியாகச் சொன்னேன்.

இறங்கி எதிர்ப்பக்கம் ஓடி, அடுத்த பேருந்தில் திரும்பினேன். எம்.பி. பட்டறையில் புது லாரியின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். படித்தார். கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"இது நீங்க எழுதுனதா டீச்சர்?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க," என்றார். என் ஆயுளில் அவ்வளவு மோசமான பாராட்டை நான் வாங்கியதில்லை.

குரூப்பிலிருந்து படத்தை எடுத்தாயிற்று. ஆனால் அது ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்விட்டது. ஓமலூர் காய்கறிக் கடைக்காரர் ஒருவர், 'நல்ல எம்.பி.' என்று எழுதி எங்களுக்கே திருப்பி அனுப்பியிருந்தார். அந்த அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை பேசுவானுங்க. பேசுனா சரிங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். வெறுமனே திண்டாடினேன் என்று சொன்னால் போதாது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் காலை எம்.பி. ஒரு முடிவோடு வந்தார்.

"ஒருத்தரு கையில கையுறை இருந்தாத்தானுங்க ஏன்னு கேப்பாங்க. ஊருல எல்லார் கையிலயும் இருந்தா?"

இரண்டே நாளில் பட்டறை வாசலில் பந்தல் போட்டார்கள். ஓட்டுநர்களுக்குக் கையுறை வழங்கும் விழா என்று தட்டி கட்டினார்கள். தோல் கையுறை, ரப்பர் கையுறை, வெல்டிங் கையுறை என்று கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். ஓட்டுநர்களின் அம்மாக்களை வரவழைத்து, எம்.பி. பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு ஜோடியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி நம்மவர் படமெடுத்துத் தள்ளினார். அவர் வாழ்க்கையில் அத்தனை அம்மாக்களைச் சிரிக்க வைத்தது அன்றுதான். எல்லாப் படத்துக்கும் ஒரே வாசகம்: 'கையுறை விழாவின்போது.' அந்த அம்மாவின் பழைய படமும் அதே வாசகத்தோடு நடுவில் ஒன்றாகப் போனது. வாசகம் எழுதும் பக்கமே நான் போகவில்லை.

பங்குச் சாமியாரிடம் போய், இது பொய்யா என்று கேட்டேன். அவரோ, தன்னைப்போல் பைக்கில் போகிறவர்களுக்கும் கையுறை உண்டா என்று கேட்டார்.

விழா பொய்யாகத்தான் தொடங்கியது. அதை மெய்யாக்கியது எம்.பி.யின் பட்டறைப் புத்தி. கூட்டம் கலையும்போது அவருக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர்கள் இத்தனை பேர் ஓரிடத்தில் இருக்கிறார்கள், அந்த அம்மா கொடுத்துவிட்டுப்போன பையில் மகனின் பழைய ஜோடியும் இருக்கிறது. அதை எடுத்து ஒரு ஓட்டுநரிடம் நீட்டி, "இதைப் போட்டுக்கிட்டு அந்த வண்டியோட சக்கர நட்டை முறுக்கு சாமி, பாக்கலாம்," என்றார்.

அவர் போட்டார். ஸ்பேனரை எடுத்தார். நட்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். எடுக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நட்டை எடுத்து முறுக்கத் தொடங்கினார்.

எம்.பி. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் கழட்டுனே?"

"பின்னே எப்பிடிங்க முறுக்கறது? இதைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துல கும்புடு போடலாம். நட்டு முறுக்க முடியாதுங்க."

உடனே லோடு ஆட்டோவில் ஐஸ் கட்டி வந்தது. புதுச்சத்திரத்து வெயிலில், நெடுஞ்சாலை ஓரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகப் பனிமலைக் கையுறையை மாட்டிக்கொண்டு ஐஸைக் கட்டிப் பிடித்தார்கள். பிறகு சாவி போட வேண்டும், பானெட்டைத் திறக்க வேண்டும், நட்டு முறுக்க வேண்டும். பேருந்துகளில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு நோட்டில் எழுதினேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கையுறை அருமையான கையுறை, துளி குளிர் ஏறவில்லை. சாவி வரைக்கும் எப்படியோ சமாளித்துவிட்டார்கள். நட்டுக்கு வந்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் கழற்றினார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருடமாக நான் சிவப்புப் பேனாவோடு படித்துத் தள்ளிய அறிக்கைகளில் எது வழங்கப்பட்டது, எவ்வளவு வழங்கப்பட்டது, எப்போது வழங்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக இருந்தது. எதற்காகக் கழற்றினார்கள் என்று ஒரு வரி இல்லை. நானும் அதைக் கேட்க நினைத்ததில்லை. ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு மாலை அந்த அம்மா போன் செய்தார். "பேசிட்டானுங்க டீச்சர்! அங்க லைனே இல்லீங்களாம். படமும் தெரியலை, ஒண்ணும் தெரியலைங்க அவனுக்கு. நீங்க சாப்பிடுங்க மொதல்ல." நான் சாப்பிடாதது அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை கேட்கவில்லை.

குழுக் கூட்டத்துக்கு எம்.பி. கேட்க வேண்டிய கேள்வியை நான் ஆங்கிலத்தில் அரைப் பக்கத்துக்கு எழுதினேன். அடுக்கடுக்கான வாக்கியங்கள், எனக்கே பெருமையாக இருந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இத்தனை வேண்டாமுங்க," என்றார். "கையுறையைக் கழட்டாம ஒரு டிரைவரு என்னென்ன வேலை செய்ய முடியும்? அவ்வளவுதான் கேக்கோணும்." ஒரே வரியாக எழுதிக் கொடுத்தேன். ஊர், பேர், மலை எதுவும் அதில் இல்லை.

கையுறையோடு ஒரு சக்கர நட்டையும் ஸ்பேனரையும் பையில் வைத்துக்கொண்டு தில்லிக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். நாட்டின் பாதுகாப்புக்காகத்தான் கொண்டுபோகிறேன் என்று இவர் சொல்ல, நாட்டின் பாதுகாப்புக்காகத்தான் எடுத்துவைக்கிறோம் என்று அவர்கள் சொல்ல, கடைசியில் ஸ்பேனர் அங்கேயே தங்கியது. நட்டும் கையுறையும் போயின. இதுவரை அவரே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை.

கூட்டத்துக்குள் என்ன நடந்தது?

"சொல்லப்புடாதுங்க டீச்சர்."

"கையுறையை எடுத்துக் காட்டினீங்களா?"

"சொல்லப்புடாதுங்க."

"யாராவது போட்டுப் பார்த்தாங்களா? நட்டு கீழே விழுந்துச்சா? அதையாவது சொல்லுங்க."

"டீச்சர், டீ குடிக்கறீங்களா?"

என் கேள்வியை அவர் கேட்டாரா, இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் வீட்டம்மாவைக் கேட்டேன். அவரும் கேட்டுப் பார்த்துத் தோற்றவர்தான். "தூக்கத்துல புலம்புவாருன்னு காது குடுத்துப் பாத்தனுங்க. குறட்டைதான் வந்துச்சு," என்றார். உலகத்திலேயே மிகவும் பத்திரமான ரகசியம் அந்தக் காலத்தில் எங்கள் பட்டறையில்தான் இருந்தது. முன்பு ஒரு ரகசியத்தை வெளியில் விட்ட குற்றவாளி நானாக இருந்தபடியால் அதட்டிக் கேட்கவும் வாய் வரவில்லை.

பல மாதம் கழித்து அந்தக் குழுவின் அறிக்கை சபையில் வைக்கப்பட்டு வெளியே வந்தது. மதியச் சாப்பாட்டையும் மறந்து தேடினேன். கடைசிப் பக்கங்களில், கொசுறாக, ஒரு வரி இருந்தது. அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பண்ணை வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்தார், புடவையில் தீவனத்தூள் ஒட்டியிருந்தது. அவருக்கு எதிரே உட்கார்ந்து தமிழில் படித்தேன்.

"குளிர்ப் பகுதிகளுக்கான உடைப் பொருள்களை, அவற்றை அணிந்து பணிபுரிவோரிடமே கொடுத்து, அவரவர் பணியைச் செய்யச் சொல்லிப் பார்த்த பின்னரே தேர்வு செய்ய வேண்டும் எனக் குழு விரும்புகிறது."

"அப்பிடின்னா?"

"போடறவனைக் கேட்டுட்டு வாங்குங்கன்னு அர்த்தம்."

"இதைச் சொல்றதுக்கா இத்தனை காகிதம்?" என்று அறிக்கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவர் கேட்க வந்ததைக் கேட்டார். "என்ற பையன் பேரு இருக்குதுங்களா?"

"இல்லைங்கம்மா. பேரு, ஊரு, கையுறைங்கற வார்த்தைகூட இல்லை."

கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. அந்த அறையில் அவருக்கு நேரே இருந்தது மின்விசிறி ஸ்விட்ச்தான்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் மறுபடி வந்தார். இந்த முறை கையில் பை இல்லை, போன் மட்டும். மகன் அனுப்பிய படம். முகம் இல்லை, மலை இல்லை. பெரிய சக்கரம் ஒன்றும், அதன் நட்டில் ஸ்பேனரும், ஸ்பேனரைப் பிடித்த இரண்டு கைகளும் மட்டும். கைகளில் மெல்லிய உள்ளுறை, விரல் விரலாக ஒட்டியிருந்தது. அதன்மேல் போடுகிற பெரிய உறை மணிக்கட்டில் கயிற்றில் தொங்கியது. இது அந்த ஒரு வரியால் வந்ததா, முன்பே வரவிருந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் சொல்ல மாட்டார்.

எம்.பி. போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நட்டைப் பார்த்தார், பிறகு விரல்களைப் பார்த்தார்.

"கழட்டாமயா முறுக்கறான்?"

"கழட்டாமத்தானுங்க. பத்து வெரலும் இருக்குதுங்க, எண்ணிப் பாத்துட்டேன்."

எம்.பி.யும் ஒரு முறை எண்ணினார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பட்டறைப் பக்கம் போய், யாரும் இல்லாத ஒரு லாரியில் ஏறிக் கதவை மூடிக்கொண்டார். நான் அழுதேன், மறைக்கவெல்லாம் இல்லை.

நம்மவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சர், ஊரு பேரு எதுவும் இல்லாம, கையை மட்டும் குரூப்புல போட்டுக்கலாமுங்களா? நீங்க நல்லதா ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

எழுத வந்த வரிகள் எனக்குள் ஐந்தாறு இருந்தன. எல்லாமே நன்றாக இருந்தன. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த அம்மாவுக்கு டீ சொல்லச் சொன்னேன்.